எங்கும் போகாத கப்பலில் ஒரு கிளாவர் நைன்

தம்பி,

இதுவரை நான் உனக்கு எழுதிய கடிதங்களெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியவை. "சோறு சட்டிக்குள், கறி மேல்தட்டில், அம்மா படுத்திட்டா, சத்தம் போடாதை" என்பதோடு முடிந்துவிடும். இது கொஞ்சம் நீளம். உன் கலியாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. மேலே குசினியில் நாலு பெண்கள் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் பேஸ்மென்ட்டில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மடக்கு மேசையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க நேரமாகும் என்று தெரியும். உன்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் விட்டவன் நான்தான், இப்போது உன்னைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மருமகளிடம் கொடுத்து வாசிப்பி. சென்னைப் பிள்ளை, மடமடவென்று வாசித்துவிடுவாள். அவளும் கேட்கவேண்டிய கதைதான் இது.

மூன்று வருடமாக உன் மாமா, அம்மாவின் ஒரே அண்ணன், எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. நீ பட்டம் வாங்கிய நாளில் வரவில்லை. எனக்கும் அவருக்கும் என்ன என்று நீ இரண்டு மூன்று தடவை கேட்டாய். "சீட்டு விளையாட்டிலை ஒரு சின்னக் கதை" என்றேன். நீ சிரித்தாய், ஆம்பிளைகள் சின்னப்பிள்ளைகள் மாதிரி என்றாய். பிறகு கேட்கவில்லை. நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. சின்னக் கதையின் மிச்சத்தை இன்றைக்குச் சொல்கிறேன். சொல்லும்போது நான் நல்லவனாகத் தெரியமாட்டேன், பொறுத்துக்கொள்.

மாமாவும் நானும் இந்த ஊருக்கு ஒரே குளிர்காலத்தில் வந்தவர்கள். அப்போது நீ அம்மாவோடு கொழும்பில் இருந்தாய், உனக்கு ஏழெட்டு வயது. கோத்-தே-நேஜில் ஒரு கட்டடத்தின் அடித்தட்டில் ஒற்றை அறை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தடித்த ஜாக்கெட். அதனால் ஒருவன் வெளியே போனால் மற்றவன் உள்ளே. முனையிலிருந்த டெப்பனர் கடைக்குப் பாண் வாங்கப் போன மாமா, பாணோடு ஒரு கட்டுச் சீட்டும் வாங்கி வந்தார். சீட்டின் முதுகில் நீல நிறத்தில் கொம்பு விரித்த ஒரு கடமான். "மச்சான், பாண் நாளைக்கு முடிஞ்சுபோம், இது முடியாது" என்றார். அந்தக் கட்டைக்கொண்டுதான் அந்தக் குளிரைக் கடந்தோம். பக்கத்து அறைகளில் இருந்த எங்கள் ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டால் நாலு பேர் சேர்ந்துவிடும். நாலு பேர் சேர்ந்தால் யாழ்ப்பாணத்தான் வேறென்ன செய்வான், முந்நூற்றி நாலு விளையாடுவான்.

முந்நூற்றி நாலு என்றதும் மருமகள் போன மாதம் என்னிடம், "அது என்ன அங்கிள், சட்டப் பிரிவா?" என்று கேட்டாள். அவளுக்காகச் சொல்கிறேன். நாலு பேர், இரண்டு இரண்டாகச் சோடி. சோடிக்காரர் எதிரும் புதிருமாக இருப்பார்கள். ஆளுக்கு எட்டுச் சீட்டு. ஜாக் எல்லாவற்றிலும் பெரியது, முப்பது புள்ளி. அதற்கு அடுத்தது நைன், இருபது. ராசாவும் ராணியும் இந்த விளையாட்டில் சும்மா பெயருக்குத்தான். இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேள்வி கேட்டவன் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைப்பான், அது என்ன என்று எதிரே இருக்கும் சோடிக்காரனுக்கும் தெரியாது. அவனோடு கதைக்கக் கூடாது, கண் காட்டக் கூடாது. அவன் கையில் என்ன இருக்கும் என்று ஊகித்து, அவனை நம்பி, உன் சீட்டை இறக்கவேண்டும். மாமாவும் நானும் பதினைந்து வருடம் சோடி. மொன்றியலில் எங்களை வென்றவர்கள் குறைவு. உன் அம்மா, "கட்டின என்னை விட அண்ணையிலைதான் உங்களுக்கு நம்பிக்கை" என்று சொல்லுவாள். உண்மைதான்.

இனிச் சண்டைக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், நோத்ர-டாம்-த-கிரேஸில் மாமாவின் மூன்றாம் மாடி வீடு. அவர் பத்து வருடம் வேலை செய்த தையல் தொழிற்சாலை அப்போதுதான் மூடப்பட்டிருந்தது. நாலு மாதமாக வேலை இல்லை, மாமியின் சம்பளத்தில் வீடு ஓடியது. எதிராக விளையாடிய இருவர், சோபாவில் அவர்களுடைய பெண்சாதிமார், உன் அம்மா, மாமி. மாமி தொதல் கிண்டித் தட்டில் வைத்திருந்தார். எண்ணெய் கசியும் நல்ல தொதல். நான் பெருங்கேள்வி கேட்டுத் துரும்பைக் கவிழ்த்தேன். விளையாட்டு நடுவில் மாமா நம்பிக்கையோடு கிளாவர் ஜாக்கை இறக்கினார். என் கையில் கிளாவர் நைன் இருக்கும், அதைப் போடுவேன், ஐம்பது புள்ளி அள்ளலாம் என்பது அவர் கணக்கு. நான் கையைப் பார்த்தேன். கிளாவர் இல்லை. ஒன்றுக்கும் உதவாத ஒரு எட்டைப் போட்டேன். இன்னும் இரண்டு சுற்றுப் பிடி போனதும் நாங்கள் தோற்றது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"கிளாவர் ஏன் இறக்கினனீ?" என்று கத்தினேன். "நைன் உன்னட்டை இருக்கெண்டு நினைச்சன் மச்சான், நீ கேட்ட கேள்வி அப்பிடித்தானே இருந்தது" என்றார் அவர், மெதுவாக. நான் விட்டேனா? வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். கடைசியில் சொன்ன வார்த்தையை இப்போது எழுதவும் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். "வேலையும் இல்லை, விளையாட்டும் தெரியாது, உனக்கெல்லாம் எதுக்கு மேசை?" என்றேன். மாமியின் முன்னால், வந்தவர்கள் முன்னால், அவருடைய சொந்த வீட்டில், அவர் தந்த தொதலைத் தின்றுகொண்டு. நான் கையில் மிச்சமிருந்த சீட்டுகளை எறிந்துவிட்டு எழும்பிக் கதவடிக்குப் போனேன். எறிந்ததில் ஒன்று என் காலடியில் விழுந்திருந்தது. சப்பாத்து நூல் கட்டக் குனிந்தபோது அதை எடுத்தேன். ஒன்றல்ல, இரண்டு. தொதல் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மேலே ஏதோ ஒரு ஏழு. அதை விரலால் பிரித்தேன். பின்னால் கிளாவர் நைன்.

நைன் முழு நேரமும் என் கையில்தான் இருந்திருக்கிறது, எட்டுச் சீட்டும் இருக்கிறதா என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. மாமாவின் கணக்குச் சரி. அவர் என்னை நம்பி இறக்கியதும் சரி. எல்லோரும் எனக்குப் பின்னால் நின்றார்கள், யாரும் பார்க்கவில்லை. தம்பி, அந்த இடத்தில் திரும்பி, "மச்சான், பிழை என்னில்" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? மூச்சு விடுகிற நேரம். நான் ஏழுச் சீட்டைச் சப்பாத்துத் தட்டின் மேல் வைத்தேன், நைனைக் கோட்டுப் பைக்குள் போட்டேன், கதவைத் திறந்து இறங்கிப் போனேன். அம்மா பின்னால் வந்தாள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு அடுத்த கிழமை. அதற்குப் பிறகு, இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் இன்னும் கேவலம் என்று பட்டது. சீட்டைக் கோட்டிலிருந்து பர்ஸுக்கு மாற்றினேன். எறிந்திருக்கலாம், எறிய முடியவில்லை. மெட்ரோவில் யாரோ என் காலை மிதித்தாலும் "பர்தோன்" என்று நான்தான் சொல்லுவேன். வேலையிடத்தில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்பேன், ஒரு குறையும் வராது. தமிழில் ஒருதரம் கேட்கத்தான் நா எழும்பவில்லை.

உன் கலியாணம் நிச்சயமானதும் வீட்டில் வேறு பிரச்சினை கிளம்பியது. எங்கள் ஆட்களுக்குக் கலியாண அட்டையைத் தபாலில் போட்டால் போதாது என்று உனக்குத் தெரியும். தாயும் தகப்பனும் சோடியாக வீட்டுக்குப் போய், வெற்றிலை பாக்கோடு அட்டையை நீட்டி, வாயால் சொல்லவேண்டும். சொல்லாத வீட்டிலிருந்து ஒரு குஞ்சும் வராது. அதிலும் எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை வைப்பது தாய்மாமன். "நீர் போய்ச் சொல்லும், நான் காரிலை இருக்கிறன்" என்றேன் அம்மாவிடம். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, நீங்கள் அண்ணையின்ர படி ஏறிச் சொல்லவேணும். அண்ணை வராட்டி நான் மணவறைப் பக்கம் வரமாட்டன். பிள்ளைக்கு நீங்களே காரணம் சொல்லுங்கோ." உன் அம்மா கோபத்தில் பத்துச் சொல்லுவாள், ஒன்றும் நடவாது. கோபமில்லாமல் ஒன்று சொன்னால் அது நடக்கும்.

இந்த மார்ச்சில் கோவில்காரர் புளோரிடாவுக்கு பஸ் விட்டார்கள் அல்லவா, நீதான் எங்களிருவருக்கும் இடம் பதிந்து தந்தாய். ரொக்ஸ்பரோ ஸ்டேஷன் வாகனத் தரிப்பிடத்தில் பனிக்குவியல்களுக்கு நடுவே பஸ் நிற்கிறது. ஏறிப் பார்த்தால் கடைசி வரிசையில் மாமாவும் மாமியும். நான் முன் வரிசையில் போய் இருந்துகொண்டேன். ஒரு இரவும் ஒன்றரைப் பகலும் ஓட்டம். அவர் இறங்கினால் நான் இறங்கவில்லை, நான் இறங்கினால் அவர் நித்திரை மாதிரிக் கிடந்தார். அம்மாவும் மாமியும் மட்டும் பஸ் நடுவில் இரண்டு வெற்றிருக்கைகளைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் குசுகுசுத்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், பஸ்ஸில் வந்த குடும்பங்களெல்லாம் பிள்ளைகளோடு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குப் போயின. நுழைவுச்சீட்டு விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. அம்மா ஒரு வர்ணக் கடதாசியை நீட்டினாள். கசினோக் கப்பல், பகல் பயணம், சாப்பாடும் உள்ளே. விலை ஒரு பெரிய பீட்சாவின் விலைதான். மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் பதினேழு வருடம் பெட்டி ஏற்றி இறக்குகிறவன் நான், கப்பலைப் பார்த்தே குடும்பம் நடத்தினவன். ஒருநாளும் ஒன்றில் ஏறினதில்லை. ஆசை வந்துவிட்டது. கப்பல் பயணம் என்றால் சும்மாவா என்று நான் குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்குப் போட்ட கோட்டுசூட்டைப் போட்டேன். அம்மா காஞ்சிபுரம் கட்டி அட்டியலும் போட்டாள். போய்ப் பார்த்தால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் அரைக்காற்சட்டை, ரப்பர் செருப்பு. அந்த வரிசையில் எங்களைப் போல வேட்டைத்திருவிழாவுக்கு வெளிக்கிட்ட மாதிரி இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். பச்சைச் சேலையில் மாமி. கழுத்துப்பட்டியோடு மாமா.

"எந்த ஊருக்குப் போகுது?" என்று நுழைவுச்சீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். ஒரு ஊருக்கும் போகாது என்றாள். கரையிலிருந்து மூன்று மைல் தாண்டினால்தான் சூதாடலாம், அதனால் தாண்டிப் போய்ச் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டுப் பின்னேரம் இதே இடத்துக்கு வந்துவிடும் என்றாள். நான் அம்மாவைப் பார்த்தேன். "புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வாறதுக்குக் காசு குடுக்கிறமோ?" என்றேன். "நீங்கள் மூண்டு வருசமா அதைத்தானே செய்யிறியள்" என்றாள் அவள். எனக்குப் பின்னால் மாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்.

கப்பல் வெளிக்கிட்டதும் ஆடத் தொடங்கியது. அம்மா கைப்பையிலிருந்து தேசிக்காயை எடுத்து, குமட்டாமல் முகரச் சொல்லி எனக்கொன்று தந்தாள், இன்னொன்றை மேல்தட்டின் அடுத்த பக்கத்தில் நின்ற அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு ஆம்பிளைகளும் கோட்டுசூட்டோடு ஆளுக்கொரு தேசிக்காயை முகர்ந்துகொண்டு ஆளுக்கொரு திசையில் கடலைப் பார்த்தோம். மூன்று மைல் தாண்டியதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மேல்தட்டில் இருந்த சனம் முழுக்க, அன்னதானத்துக்கு மணி அடித்த மாதிரி, கீழே இயந்திரங்களை நோக்கி ஓடியது. கண் மூடித் திறக்க, வெயிலில் நாலு பேர்தான் மிச்சம். அம்மா ஒரு பிளாஸ்டிக் மேசையை இழுத்துப் போட்டு, இடியப்பப் பார்சலையும் சம்பலையும் விரித்தாள். சாப்பாடு உள்ளே என்று போட்டிருந்தாலும் அன்று வெள்ளிக்கிழமை, அங்கே எல்லாம் மாடும் பன்றியும். பசி இரண்டு திசையிலிருந்தும் எங்களை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. கதைக்காமல் சாப்பிட்டோம். இலை மடித்ததும் மாமி தன் பைக்குள் கைவிட்டு, ரப்பர் பட்டி போட்ட ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தார். நீலக் கடமான்.

"நாங்கள் பொம்பிளையள் ரெண்டு பேரும் ஒரு பக்கம், நீங்கள் ரெண்டு பேரும் ஒரு பக்கம்" என்றார் மாமி. "உங்களுக்கு விளையாடத் தெரியுமோ?" என்று நான் கேட்டேன். "பதினைஞ்சு வருசம் உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து தந்தனாங்கள். கண்ணைக் குசினியிலையே வைச்சிட்டு வந்தனாங்களோ?" என்றாள் அம்மா. மாமா என்னைப் பார்க்காமல் என் எதிரே உட்கார்ந்தார். முந்நூற்றி நாலில் ஒரு வசதி உண்டு. சோடிக்காரனோடு கதைக்கத் தேவையில்லை, கதைத்தால்தான் பிழை. கோபக்காரர் இரண்டு பேர் கௌரவம் குறையாமல் எதிரெதிரே இருக்க இதைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை.

மாமி கலைத்துப் பிரித்தார். எனக்கு விழுந்த சீட்டுகளில் ஒன்று வேறு மாதிரி இருந்தது. தடிப்பு. முதுகில் கடமான் இல்லை, மஞ்சளில் ஒரு சேவலின் பாதிக் கொண்டை. கோர்ன்பிளேக்ஸ் பெட்டியைக் கத்தரித்துச் செய்த சீட்டு. திருப்பினால் கறுப்புப் பேனையால், ஒவ்வொரு இலையும் கவனமாக வரைந்து, கிளாவர் நைன். மாமாவின் கை. தொலைந்துபோனதற்குப் பதிலாக அவர் செய்து வைத்தது. புதுக்கட்டு வாங்க அவருக்கு மனம் வரவில்லை. முதுகு வேறாக இருந்தபடியால் அந்தச் சீட்டு யார் கையில் இருந்தாலும் மேசையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். மாமா என் கையில் அந்த மஞ்சளைப் பார்த்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு என்னோடு முதல் வார்த்தை பேசினார். "இந்த முறையாவது நைன் உன்னட்டைத்தான் இருக்குது" என்றார்.

குத்திக்காட்டத்தான் சொன்னார். ஆனால் குரல் உடைந்துவிட்டது. நான் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தேன். கை தானாகப் பின்பையைத் தேடியது. பர்ஸைத் திறந்து, மடிப்பு விழுந்து ஓரம் தேய்ந்துபோன கிளாவர் நைனை எடுத்து, கோர்ன்பிளேக்ஸ் நைனுக்குப் பக்கத்தில் வைத்தேன். "அண்டைக்கும் என்னட்டைத்தான் இருந்தது, மச்சான். ஒட்டிப்போய் இருந்தது. சப்பாத்துப் போடேக்கை கண்டனான். நீ விளையாடினது சரி. நான்தான் ஒளிச்சுக்கொண்டு வந்தனான்" என்றேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாமா இரண்டு நைனையும் எடுத்து மாறி மாறிப் பார்த்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன், அடித்தால் வாங்குவது என்று இருந்தேன். அவர் வானத்தைப் பார்த்து உதடு அசைத்து ஏதோ கூட்டினார். பிறகு மேசையில் ஓங்கித் தட்டினார். "அப்ப அண்டைக்கு நாங்கள் வெண்டிருக்கிறமடா! இருபது வந்திருந்தா வெண்டிருக்கிறம்! கேட்டியோ, நாங்கள் தோக்கேல்லை!" என்று மாமியிடம் கத்தினார். மூன்று வருடமாக அந்த ஆட்டத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப விளையாடி, எங்கே பிழைவிட்டேன் என்று தேடிய மனிதன் அவர். பிழை தன்னில் இல்லை என்று தெரிந்ததும் குழந்தை மாதிரிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சீட்டுக்குச் சீட்டுத் தந்திட்டாய். நீ சொன்ன மற்றச் சொல்லுக்கு?" என்று கேட்டார். அதற்குக் கொடுக்க என் பர்ஸில் ஒன்றும் இருக்கவில்லை. "மன்னிச்சுக்கொள் மச்சான்" என்றேன். தமிழில், வெயிலில், கோட்டுசூட்டோடு. "அது சுட்டது" என்றார். "ஓம், தெரியும்" என்றேன். "சரி, சீட்டை எடு. பொம்பிளையள் காத்துக்கொண்டிருக்கினம்" என்றார். அவ்வளவுதான். பெரிய மன்னிப்பெல்லாம் இப்படித்தான் இருக்கும் போல, சீட்டை எடு என்பதோடு.

அதற்குப் பிறகு எங்கள் மேசையில் நடந்த கூத்தை நீ பார்த்திருக்கவேண்டும். சோடிப் பழக்கம் மறக்கவில்லை என்று நாங்கள் மார்தட்ட, அம்மா எட்டுப் பிடியையும் எடுப்பேன் என்று கேள்வி கேட்டு, எட்டையும் எடுத்தாள். மாமி எழும்பி நின்று கைதட்டினார். சத்தம் கேட்டு மேலே வந்த ஒரு கப்பல்காரப் பெண், எவ்வளவு கட்டி விளையாடுகிறோம் என்று சந்தேகத்தோடு கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். காசு கொடுத்துச் சூதாட்டக் கப்பலில் ஏறி, காசு கட்டாமலா விளையாடுகிறீர்கள் என்று எங்களைப் பரிதாபமாகப் பார்த்தாள். மாமி அவளுக்கு ஒரு உழுந்து வடை கொடுத்தார். நின்றபடியே தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். பிறகு மாமி கீழே போய், நுழைவுச்சீட்டோடு தந்த இலவசக் கூப்பனை ஒரு இயந்திரத்துக்குள் போட்டு, மணியடிக்க வென்று, அதற்குக் கப்பல் படம் போட்ட நாலு தொப்பி வாங்கி வந்தார். பட்டும் அட்டியலும் தொப்பியுமாக நாலு பேரும் நின்று எடுத்த படத்தைத்தான் நீ ஃப்ரிட்ஜ் கதவில் பார்த்து, "இதென்ன கோலம்" என்று கேட்டாய்.

இறங்கும்போது மாமாவிடம், "பொடியன்ர கலியாணத்துக்கு வரவேணும்" என்று மெல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "கப்பலிலை சொல்லி முடிக்கப் பாக்காதை. வீட்டை வந்து முறையாச் சொல்லு" என்றார். இரவு அம்மாவிடம், "உமக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன். "மூண்டு வருசமா உங்கட கால்சட்டையை ஆர் தோய்க்கிறது? பர்ஸை ஆர் எடுத்து வைக்கிறது?" என்றாள். "அப்ப ஏன் நீரே எடுத்து அண்ணையிட்டைக் குடுக்கேல்லை?" என்றேன். "நான் குடுத்தா அது என்ர மன்னிப்பு" என்றாள். தம்பி, உனக்கு நான் சொல்ல நினைத்த புத்திமதியெல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. என்னிடம் இதைவிட நல்லது இல்லை.

ஏப்ரலில் பனி கரைந்ததும் போனோம். மாமா வீட்டு வெளிப்படி உனக்குத் தெரியும், வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படி, சின்ன வயதில் நீ எண்ணி எண்ணி ஏறுவாய். வெற்றிலைத் தட்டோடு ஏற எனக்கு மூச்சு வாங்கியது. மேலே கதவு முதலே திறந்திருந்தது. பட்டு வேட்டியும் சால்வையும் கட்டி மாமா நின்றார், வீட்டுக்குள் இருக்க யாராவது பட்டு வேட்டி கட்டுவார்களா? நான் தட்டை நீட்டி, "எங்கட மகனுக்குக் கலியாணம். நீங்கள் குடும்பத்தோடை வந்து முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்" என்று பன்மையில், முறையாக, ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "அப்பிடியோ? எப்ப முகூர்த்தம்?" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் கேட்டார். அவருக்குப் பின்னால் கதிரையின் முதுகில் ஒரு தலைப்பாகைத் துணி பாதி சுற்றியபடி கிடந்தது. இரண்டு கிழமையாக ஒரு பானையின் மேல் கட்டிப் பழகுகிறார் என்று மாமி பிறகு சொன்னார்.

பழைய நைன் கட்டுக்குள் திரும்பப் போய்விட்டது. கோர்ன்பிளேக்ஸ் நைனை மாமா எனக்குத் தந்தார். "இனி இதைப் பர்ஸுக்குள்ளை வைச்சிரு, திருப்பித் தரத் தேவையில்லை" என்றார். அதை இந்தக் கடித உறைக்குள் உனக்கு வைத்திருக்கிறேன், மருமகள் உறையைக் கசக்கி எறிந்துவிடாமல் பார். உங்கள் இருவரில் யார் பிழைவிட்டாலும், சொல்ல நா எழும்பாவிட்டால், இதைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வை. அன்றைக்கே வை. சொல் பிறகு வந்து சேரும். மற்றவர் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது, சோறு போடவேண்டும்.

இவ்வளவும் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துவிட்டு, "உங்கட பிள்ளைக்கு ஒண்டு காணுமோ?" என்று கேட்டாள். மேலே போய்விட்டாள். கோர்ன்பிளேக்ஸைப் போத்தலுக்குள் கொட்டும் சத்தம் கேட்கிறது, கத்தரிக்கோல் எங்கே என்று கத்துகிறாள்.

மூன்று வருடம் பர்ஸுக்குள் ஒரு சீட்டைச் சுமந்து திரிந்த,
உன் அப்பா